சதுரங்கக் காய்கள் அல்ல மக்கள்

ருஷ்யாவையும் கிழக்கத்திய நாடுகளையும் பற்றிய வெகுமக்கள் வரலாற்று நூல்கள் விறுவிறுப்பானவை. அந்த விறுவிறுப்பில் காணாமல் போவோர் யார் என்பதே கேள்வி.

பிரிட்டிஷ் பத்திரிகையாளர் பீட்டர் ஹாப்கிர்க்கின் ‘தி கிரேட் கேம்’ (1990), மத்திய ஆசியாவை இரு பேரரசுகளின் ஆடுகளமாகக் காட்டுகிறது. ஒற்றர்களும் ராணுவ அதிகாரிகளும் கதாநாயகர்கள். அம்மண்ணின் உழைப்பாளிகளோ வெறும் பின்னணித் திரை. 1984இல் வெளியான அவரது மற்றொரு நூலின் துணைத்தலைப்பே, லெனின் ஆசியாவில் பேரரசு அமைக்கக் கனவு கண்டதாகக் கூறுகிறது.

உண்மை என்ன? 1907இல் பிரிட்டனும் ஜார் ருஷ்யாவும் ஈரானைச் செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கிட்டுக்கொண்டன. புரட்சிக்கு அடுத்த மாதமே, 1917 டிசம்பரில், அந்தப் பங்கீடு செல்லாது என்று சோவியத் அரசு அறிவித்தது. பேரரசுக் கனவு காண்போர் கையிலுள்ள பங்கைத் துறப்பார்களா?

1920இல் கிலாபத் உணர்வோடு நாட்டைவிட்டு வெளியேறிய இந்திய இளைஞர்களில் ஒரு பகுதியினர், ஆப்கானிஸ்தான் வழியாகத் தாஷ்கண்ட் சென்றனர். அவ்வாண்டு அக்டோபரில் எம்.என்.ராய் முன்முயற்சியில் அங்கு அமைந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியில் அவர்களில் சிலர் இணைந்தனர். நாடு திரும்பியவர்கள் மீது பெஷாவர் சதி வழக்குகள் பாய்ந்தன. அவர்களை எவரும் நகர்த்தவில்லை. விடுதலைக்கு வழிதேடித் தாமே நடந்தவர்கள் அவர்கள்.

இத்தகைய நூல்களை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் காலனி அதிகாரிகளின் கோப்புகளும் நினைவுக்குறிப்புகளுமே இவற்றின் முக்கிய ஆதாரம் என்பதை மறக்கலாகாது. காவலரின் குறிப்பேட்டில் போராளி குற்றவாளியாகவே தெரிவார். வாசிப்போம்; யாருடைய கண்ணால் எழுதப்பட்டது என்று கேட்டு வாசிப்போம். விடுபட்ட பக்கங்களை எழுதும் கடமை நம்முடையது.