வாசகன் மேல் பழி, வாடகை மேல் மௌனம்

புத்தகக் கடை ஒன்று மூடப்பட்டுவிட்டால் போதும், நம் இலக்கிய நண்பர்கள் இரங்கல் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே முதன்முதலாக வாங்கிய நூல், கடைக்காரரின் மூக்குக்கண்ணாடி, பழைய தாளின் மணம், இறுதியில் ஒரு பெருமூச்சு. வாசிப்புப் பழக்கம் அருகிவிட்டதாம். கைபேசி தலைமுறையையே விழுங்கிவிட்டதாம். இந்த இரங்கலை வெவ்வேறு பெயர்களின் கீழ் எத்தனையோ முறை படித்துவிட்டேன். அந்தக் கடையின் மாத வாடகை என்ன என்று அவற்றில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கடை போய் இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் அந்த இடம் ஏன் பூட்டியே கிடக்கிறது என்றும் யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். வாசகன் வராததால்தான் கடை அழிந்தது என்றால், அந்த இடத்தில் இந்நேரம் ஒரு செருப்புக் கடையோ பிரியாணிக் கடையோ வந்திருக்க வேண்டும். செருப்பு வாங்குவோருக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. ஆனால் சென்னையின் எந்தப் பெரிய சாலையில் நடந்தாலும், ‘வாடகைக்கு’ என்ற பலகை வெயிலில் எழுத்து வெளுத்துத் தொங்கும் ஷட்டர்களைக் காணலாம். வாசிக்காத சமூகம் புத்தகக் கடையை மூடிற்று என்றால், தையல்கடையை மூடியது யார்? உடுத்தாத சமூகமா?

நான் வள்ளூர்ப் பக்கத்துக்காரன். அனல்மின் நிலையத்தால் மட்டுமே வெளியூர்க்காரர்கள் அறிந்த ஊர். 1500 மெகாவாட் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். அந்த நிலையம் கட்டப்பட்ட ஆண்டுகளில் பொறியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் வடநாட்டுத் தொழிலாளர்களும் வந்து குவிந்தார்கள். மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வரை சாலையோரத்தில் திண்ணை வைத்திருந்தவர்களில் பலர் திண்ணையை இடித்துக் கடை கட்டினார்கள். கட்டுமானம் முடிந்தது, வந்தவர்கள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கோ அடுத்த மாநிலத்துக்கோ போனார்கள். அப்போது ஏறிய வாடகை மட்டும் எங்கும் போகவில்லை.

வாரப் பத்திரிகைகளும் பள்ளி நோட்டுகளும், ஓர் ஓரத்தில் நாற்பது ஐம்பது நாவல்களும் வைத்திருந்த சிறு கடை ஒன்று எங்கள் பக்கத்தில் இருந்தது. நான் முதன்முதலில் சொந்தக் காசில் நாவல் வாங்கிய இடம். (ஆம், நானும் இரங்கல் எழுதத் தொடங்கிவிட்டேன், பொறுத்துக்கொள்க.) ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கட்டட உரிமையாளர் வாடகையை இரு மடங்காக்கினார். கடைக்காரர் பழைய வாடகைக்கு மேல் கால் பங்கு கூட்டித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார், படியவில்லை, காலி செய்தார். மூன்று ஆண்டுகளாக அந்த ஷட்டர் இறங்கியே இருக்கிறது. உரிமையாளரை ஒரு திருமண வீட்டில் பார்த்தபோது, இத்தனை நாள் வாடகையை இழந்தீர்களே என்று கேட்டேன். அவர் சிரித்தார். “தம்பி, குறைச்சு விட்டா நாளைக்குப் பக்கத்துக் கடைக்காரனும் அதையே கேப்பான். ஒரு பேங்க் வரும், இல்லாட்டி ஏடிஎம் வரும். அதுவரைக்கும் பூட்டு என்ன சோறா கேக்குது?”

பொருளாதாரப் பேராசிரியர்கள் நூறு பக்கத்தில் சொல்லத் தயங்குவதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பொன்னேரிச் சந்தையில் தக்காளி விற்கும் அம்மாள் காலையில் ஒரு விலை சொல்வார், பொழுது சாயும்போது பாதி விலை சொல்வார். அவர் இரக்கமுள்ளவர் என்பதாலா? இரவு கடந்தால் தக்காளி அழுகிவிடும். கடையறை அழுகுவதில்லை. அதன் அடியில் இருக்கும் நிலம் உரிமையாளர் தூங்கும்போதும் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. வாடகை என்பது அவருக்குக் கிடைக்கும் ஆதாயத்தின் சிறிய பகுதி. பெரிய பகுதி நிலமதிப்பு. அந்தப் பெரிய பகுதிக்கு வாடகைக்காரன் தேவையே இல்லை. பெரிய கட்டடங்களில் இன்னொரு கணக்கும் உண்டு. எதிர்பார்க்கும் வாடகையை வைத்தே கட்டடத்தின் மதிப்பும் அதன் மேல் வாங்கும் கடனும் கணக்கிடப்படுகின்றன. வாடகையைக் குறைத்து ஒருவரை உள்ளே விட்டால் காகிதத்தில் கட்டடமே மலிந்துவிடும். எனவே காலியாகவே கிடக்கட்டும்.

நம் சட்டமும் இதற்குத் துணைநின்றது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? 1919 ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்திலும் 1920 ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலும், வாடகைக்கு விடப்படாமல் தொடர்ந்து முப்பது நாளோ அதற்கு மேலோ காலியாக இருக்கும் கட்டடத்துக்குச் சொத்துவரித் தள்ளுபடி உண்டு. கட்டடத்துக்குரிய வரியில் பாதி வரை போகலாம். 2023 இல் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வரும் வரை இதுதான் நிலை. குடியிருந்தால் முழு வரி, பூட்டி வைத்தால் சலுகை! கட்டியவனுக்கு ஆள் கிடைக்காமல் போனால் பாவம் என்று வெள்ளைக்காரன் காலத்தில் எழுதப்பட்ட இரக்கம் அது. நூறு ஆண்டு கழித்து அது காத்திருப்போருக்குக் கொடுக்கும் கூலியாகிவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். 1948 ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நூலக வரி என்பது சொத்துவரியின் மேல் ஏற்றி வசூலிக்கப்படுவது. ஆகவே ஒரு கடை காலியாகிச் சொத்துவரி குறையும்போது, ஊர் நூலகத்துக்குப் போகும் காசும் சேர்ந்து குறைகிறது. பூட்டிய கடை தன் பங்குக்கு நூலகத்தையும் கொஞ்சம் பூட்டுகிறது.

எங்கள் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போகும் மின்தொடர் வண்டிகளில் பல, மூர் மார்க்கெட் வளாகம் என்ற நிலையத்தில் வந்து நிற்கின்றன. 1900 இல் திறக்கப்பட்டு, பழைய புத்தகங்களுக்குப் பேர்போன சந்தையாக விளங்கி, 1985 மே மாதத்தில் எரிந்துபோன அதே மூர் மார்க்கெட் இருந்த இடம்தான். கடைக்காரர்களுக்கு அருகே அல்லிக்குளத்தைத் தூர்த்துக் கட்டிய வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூர் மார்க்கெட்டின் கூட்டம் கூடவே குடிபெயர்ந்து வரவில்லை.

நிலையத்தைவிட்டு வெளியே வந்து நகருக்குள் நடந்து, எந்தெந்தப் புத்தகக் கடைகள் தாக்குப்பிடித்திருக்கின்றன என்று கணக்கெடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம், திருவல்லிக்கேணியின் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடைகள். அவற்றுக்கு வாடகை இல்லை. மறுபக்கம் 1844 இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ். அண்ணா சாலையில் அது 1904 முதல் சொந்தக் கட்டடத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில், மாதம் பிறந்தால் வாடகை கொடுக்க வேண்டிய கடைதான் மறைந்துகொண்டே போகிறது. நுங்கம்பாக்கத்தில் 1987 இல் தொடங்கி ஒரு தலைமுறையையே ஆங்கில நூல்களுக்குப் பழக்கிய லேண்ட்மார்க் இன்று அங்கே இல்லை. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் நம்மவர்கள் ஒரே காரணத்தைத்தான் பாடுகிறார்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஐந்நூறு சதுர அடிக் கடை, சதுர அடிக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரிய சாலைகளில் இதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்கள். மாத வாடகை 50,000. அட்வான்ஸ் பத்து மாதம் என்றால் ஐந்து லட்சம், வட்டியில்லாமல். பதிப்பகம் முப்பது விழுக்காடு கழிவு தருகிறது என்றால், 200 ரூபாய் நூலில் கடைக்காரருக்கு 60 ரூபாய். வாடகைக்கு மட்டும் மாதம் 834 நூல்கள் விற்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. கட்டடக்காரர் ஜிஎஸ்டியில் பதிவு செய்தவராக இருந்தால் வாடகை மேல் 18 விழுக்காடு வரி ஏறும். நகைக்கடைக்காரர் அந்த வரியைத் தம் விற்பனை வரியில் கழித்துக்கொள்வார். அச்சிட்ட நூலுக்கோ ஜிஎஸ்டி கிடையாது, ஆகவே கழித்துக்கொள்ள எதுவும் இல்லை. புத்தகத்துக்கு வரிவிலக்கு என்று நாம் கைதட்டிய அந்தச் சலுகையே, புத்தகக் கடைக்காரரின் தலையில் 9,000 ரூபாயை முழுதாக இறக்குகிறது! இப்போது 984 நூல்கள், நாளொன்றுக்கு 33. மின்கட்டணம், உதவிக்கு ஒரு பையன், தம் வீட்டுச் சோறு எல்லாம் இதற்குப் பிறகு.

நம் பதிப்பாளர்கள் ஏன் ஜனவரிக்காகவே உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. 1977 முதல் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியைத் திருவிழா என்கிறோம். எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. ஆண்டு முழுவதற்கும் கடைவாடகை கட்ட முடியாத ஒரு தொழில், இரண்டு வாரத்துக்கு மட்டும் தகரக் கொட்டகையில் இடம்பிடித்துக்கொண்டு மூச்சுவிடுகிறது. வாசிப்பே செத்துவிட்டது என்றால் அந்தக் கொட்டகையில் முழங்கையால் இடித்துக்கொண்டு நடப்பவர்கள் யார்?

இணைய விற்பனை கடைகளைக் கொன்றுவிட்டது என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் வியாபாரம் குறைந்தால் வாடகையும் குறைந்திருக்க வேண்டுமே. தக்காளி அம்மாள் அப்படித்தானே செய்கிறார்? அடுத்து, 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமையாளர்களைப் பயமுறுத்திவிட்டது, உள்ளே விட்டவனை வெளியேற்ற ஒரு தலைமுறை ஆகும் என்பார்கள். அதிலும் உண்மை இருந்தது; அப்படி இழுத்த வழக்குகளை எல்லோரும் அறிவோம். ஆனால் அந்தச் சட்டம் போய், 2017 ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. பயம் போன பிறகும் ஷட்டர் ஏன் மேலே போகவில்லை? அந்தச் சட்டத்திலேயே முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று இருக்கிறது, ‘வேறு உடன்பாடு இல்லாதபோது’ என்ற வாலோடு. எந்த உடன்பாடு கையெழுத்தாகும் என்பதைத் தீர்மானிப்பவர் சாவி வைத்திருப்பவர்தானே.

ஸ்பென்சர் பிளாசாவைக் காட்டி, அங்கே வாடகை இறங்கியும் கடைகள் காலிதானே என்று ஒரு நண்பர் மடக்கினார். அது வேறு நோய். அங்கே கடைகள் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டவை. பல நூறு பேருக்குச் சொந்தமான கட்டடத்தை யார் செப்பனிடுவது? கூட்டம் புதிய மால்களுக்குப் போனது, அவ்வளவுதான்.

வேறிடத்தில் என்ன செய்தார்கள்? பாரிஸ் மாநகராட்சி 2004 முதல், ஒரு பொதுநிறுவனத்தின் வழியாக, விற்பனைக்கு வரும் கடையிடங்களை முன்னுரிமையோடு வாங்கிச் சிறு கடைகளுக்கு வாடகைக்கு விட்டது. பின்னர் லத்தீன் வட்டாரத்தின் புத்தகக் கடைகளையும் பதிப்பகங்களையும் காக்கவே அந்தத் திட்டத்தை நீட்டித்தது. சான்பிரான்சிஸ்கோவில் 2020 மார்ச்சில் மக்கள் வாக்களித்து, ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் கடைகளுக்கு வரி விதித்தார்கள். முகப்பின் அகலத்தில் ஒவ்வோர் அடிக்கும் முதலாண்டு 250 டாலர், அடுத்த ஆண்டு 500, அதற்கடுத்து 1000. அதனால் எல்லா ஷட்டரும் திறந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பூட்டும் சோறு கேட்கும் நிலையை அவர்கள் உண்டாக்கினார்கள்.

இங்கே அதைக் கேட்கக்கூட ஆளில்லை. ஆறு மாதத்துக்கு மேல் காலியாக இருக்கும் வணிக இடத்துக்குச் சொத்துவரியை ஏற்றுக என்று எழுத்தாளர் சங்கம் ஏதேனும் தீர்மானம் போட்டிருக்கிறதா? மாநகராட்சியின் சொந்த வளாகங்களில் சில கடைகளை, விற்பனையில் ஒரு பங்கு என்ற வாடகைக்குப் புத்தக விற்பனையாளர்களுக்குக் கொடுங்கள் என்று புத்தகக் காட்சி மேடையில் யாராவது அமைச்சரிடம் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. அந்த மேடையில் பேசப்படுவதெல்லாம் வாசிப்பின் மேன்மை.

சென்ற வாரம் மீஞ்சூரில் அந்தப் பழைய கடையின் வழியாக நடந்தேன். ஷட்டரின் மேல் புதிதாக மஞ்சள் பெயிண்டில் ஒரு கைபேசி எண் எழுதியிருந்தது. அழைத்து வாடகை கேட்டேன். மூன்று ஆண்டுக்கு முன் சொன்னதைவிட இரண்டாயிரம் கூடுதல்.