கிறக் போட்ட விண்டோஸும் நம் பிள்ளைகளும்



2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. அதிலிருந்து பெற்றோர் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "சேர், பிள்ளைக்குப் புதுக் கொம்பியூட்டர் வாங்க வேணுமா?"

பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை என்பதே என் பதில். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விண்டோஸ் 11 முறையாக ஓட வேண்டுமென்றால் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசர் வேண்டும். அதாவது 2017க்கு முந்திய கணினிகள் கிட்டத்தட்ட எல்லாமே வெளியே. கிண்ணியாவிலும் மூதூரிலும் திருகோணமலை டவுனிலும் நம் பிள்ளைகள் பாவிப்பவற்றில் எத்தனையோ அந்த வகைதான். வெளிநாட்டில் இருக்கும் வாப்பா அனுப்பியது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, நானா பாவித்துவிட்டுத் தங்கச்சிக்குக் கொடுத்தது. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. அந்த அடியிலிருந்து இன்னும் எழும்பாத குடும்பத்திடம் "புதிது வாங்குங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது விடயத்தை யாரும் பேச விரும்புவதில்லை. இந்தக் கணினிகளில் பலவற்றில் இருப்பது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் அல்ல, கிறக் போட்டது. அதை நாம் திருட்டு என்று நினைப்பதே இல்லை. "எல்லாரும் பாவிக்கிறாங்கதானே" என்று கடந்துபோகிறோம்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது. மார்க்கத்தின் பக்கம் பார்த்தால், சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடி 43ஆம் இலக்கத் தீர்மானத்தை எடுத்தது. எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஆவில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றை மீறக்கூடாது என்பது அதன் சாரம். பத்வா கொடுப்பது என் வேலை அல்ல, சந்தேகம் உள்ளவர்கள் உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து எழுதாதே என்று சொல்லிக்கொடுக்கும் நாமே, அதே பிள்ளைக்குக் கிறக் போட்ட கணினியைக் கொடுப்பது பொருந்துமா என்று யோசியுங்கள். கிறக் செய்யும் மென்பொருளோடு வைரஸ் சேர்ந்து வருவதும் புதிய கதை அல்ல.

இந்த இரண்டு பிரச்சினைக்கும் ஒரே விடை லினக்ஸ். 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது. உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். இன்று இணையத்தின் பெரும்பகுதி ஓடுவதும், உங்கள் கையில் இருக்கும் அன்ட்ரொயிட் போன் ஓடுவதும் லினக்ஸ் கருவின் மேல்தான். வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் மின்ட் நல்ல தொடக்கம். 4 ஜிபி ரேம் இருந்தால் போதும். இதைப் பிரதி எடுத்து அயல் வீட்டாருக்குக் கொடுப்பது திருட்டு அல்ல, அனுமதிப்பத்திரமே அந்த உரிமையைத் தருகிறது. ஒருவர் டவுன்லோட் செய்தால் ஒரு பென்ட்ரைவ் முழுத் தெருவுக்கும் போதும்.

"இது நம்மவருக்குச் சரிவராது" என்பவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியை நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லிக்காட்டத் தேவையில்லை. அந்த நாட்களில் காணாமல்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் பற்றிய விபரங்களை ஒழுங்குபடுத்த, லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனும் தொண்டர்களும் சேர்ந்து "சஹானா" என்ற மென்பொருளை எழுதினார்கள். அதுவும் திறந்த மூல மென்பொருள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அங்கும் பயன்பட்டது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. நம் துயரத்தில் பிறந்த மென்பொருள் இன்னொரு நாட்டின் துயரத்துக்கு உதவியது, அதை யாரும் பூட்டி வைக்காததால்தான்.

இனி படிப்பு. உயர்தர ஐ.சி.ரி. பாடத்தில் வரும் பைதன், பிஎச்பி, மைஎஸ்கியூஎல் எல்லாமே திறந்த மூலம். மூன்றும் லினக்ஸில் நன்றாக ஓடும். சாதாரண தரப் பிள்ளைக்கு லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. சம், அவரேஜ், மெக்ஸ் சூத்திரங்கள் எக்செலில் எப்படியோ அதில் உள்ள கல்க்கிலும் அப்படியே. கேரள அரசுப் பாடசாலைகளில் பல வருடங்களாக லினக்ஸில்தான் கணினி கற்பிக்கிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். போட்டோஷொப் நேரடியாக ஓடாது. சில பழைய பிரின்டர்கள் மல்லுக்கட்டும். வேர்டில் செய்த அட்டவணை லிப்ரே ஒபிஸில் சற்று இடம்மாறித் தெரியலாம். ஜெர்மனியின் மியூனிக் நகரசபை பல வருடம் லினக்ஸுக்கு மாறியிருந்துவிட்டு, 2017இல் திரும்பவும் விண்டோஸுக்குப் போக முடிவெடுத்தது. ஆகவே எல்லோருக்கும் இதுவே தீர்வு என்று நான் சொல்லவில்லை. டிசைன் தொழில் செய்பவர் காசு கொடுத்து விண்டோஸ் வாங்கட்டும், அது நேர்மையான வழி. முறையான விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம். அவர்கள் அவசரப்பட வேண்டாம்.

ஆனால் படிக்கும் பிள்ளையின் கணினிக்கு உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. வினாத்தாள்களையும் பயிற்சித்தாள்களையும் பாமினியில் டைப் செய்து வேர்ட் ஃபைலாக வட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் அது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில், போனில்கூட, அது புரியாத குறிகளாகத்தான் தெரியும். எனவே சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். யுனிகோட்டில் டைப் செய்யுங்கள், பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். நம் நாட்டின் தரமான ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. பழைய ஃபைல்களைத் திறக்க பாமினி எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவலாம்.

பெற்றோருக்கு: உடனே எதையும் அழிக்க வேண்டாம். முதலில் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பென்ட்ரைவிலிருந்தே மின்ட்டை ஓடவிட்டுப் பாருங்கள். வைஃபை, சத்தம், பிரின்டர் வேலை செய்கிறதா என்று பார்த்து, பிள்ளையையும் இரண்டு நாள் பாவிக்க விடுங்கள். பிடித்தால் நிறுவலாம், பிடிக்காவிட்டால் பென்ட்ரைவைக் கழற்றினால் பழையபடி.

புதிய கணினிக்கென்று ஒதுக்கிய காசு இருந்தால் பிள்ளையின் படிப்புக்கு வேறு வழியில் உதவட்டும். நிறுவ உதவி தேவையானால் கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், நம்மால் முடிந்ததைச் செய்வோம்.