சட்டக் கம்பனியும் வன்னிக் காணியும்

சட்டக் கல்வியை நாடும் நம் மாணவரிடையே அண்மைக் காலத்தில் வேரூன்றிவரும் ஒரு கருத்தினை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சட்டம் ஒரு சேவைத்தொழில்; அதனை விலைகொடுத்து வாங்க வல்லோர் இருக்குமிடத்தில் அது செழிக்கும்; ஆகவே கொழும்பின் பெருஞ் சட்ட நிறுவனமொன்றில் இடம்பெறுதலே ஒரு மாணவனின் திறமைக்கு உரைகல் என்பதே அக்கருத்து. இது தனிமனிதர் சிலரின் ஆசையாக மட்டும் இருந்திருப்பின் இதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் விரிவுரை மண்டபங்களிலும் இது ஒரு நியாயமாகவே எடுத்துரைக்கப்படுகின்றது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தம் காணிக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறியிறங்கும் மக்களுக்கு இந்நியாயம் யாது பயன் தரும் என வினவுதல் நம் கடமையாகும்.

இத்தகைய நிறுவனங்களின் இயல்பை அறிவதற்கு இத்தாலியை நோக்குதல் பொருந்தும். இலங்கையின் பொதுச்சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டத்தின் மூலவேர் அந்நாட்டிலேயே உள்ளது. கி.மு. 204இல் உரோமில் இயற்றப்பட்ட சின்சியச் சட்டம், வழக்குரைப்போர் தம் பணிக்குப் பரிசில் பெறுவதைத் தடைசெய்தது. அத்தடை நடைமுறையில் பலவாறு மீறப்பட்டது உண்மையே. எனினும் நீதிக்காகப் பேசும் நா விலைப்பொருளாகாது என்ற கொள்கையேனும் அன்று ஏட்டில் இருந்தது. 1939ஆம் ஆண்டின் 1815ஆம் இலக்க இத்தாலியச் சட்டம், பாசிச ஆட்சியின் வேறு நோக்கங்களோடு பிறந்ததாயினும், கூட்டாகத் தொழில்புரிவோர் தத்தம் பெயரை வெளிப்படக் காட்டவேண்டுமென விதித்திருந்தது. 2017ஆம் ஆண்டின் 124ஆம் இலக்கச் சட்டமோ சட்டத்தரணிகள் அல்லாதாரும் சட்டக் கம்பனிகளில் மூன்றிலொரு பங்குவரை முதலிட வழிதிறந்தது. 1999இல் நிறுவனங்கள் சில ஒன்றிணைந்து உருவான பொனெல்லி எரேதே பப்பலார்தோ என்னும் பெருநிறுவனம் மிலானோடும் உரோமோடும் நின்றுவிடவில்லை. லண்டன், பிரசெல்ஸ், கெய்ரோ, அடிஸ் அபாபா எனக் கிளைகளை விரித்தது. இத்தாலிய முதல் கடல்கடந்த திசையெங்கும் இத்தாலியச் சட்டத்தரணியும் சென்றார். முதல் செல்லாத கலாபிரிய மலைக்கிராமத்து உழவனைத் தேடி எந்தக் கிளையும் சென்றதில்லை.

நம் நாட்டின் வரலாறும் இதற்குப் புறம்பானதன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் அத்துமீறற் கட்டளைச்சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் எதிர்ச்சான்று காட்டப்படாதவிடத்து முடிக்கே உரியன எனக் கொண்டது. பெருந்தோட்ட முதலாளித்துவம் அச்சட்டத்தின்மேல் எழுந்தது. எப். ஜே. அண்ட் ஜீ. டி சேரம் என்னும் கொழும்பு நிறுவனம் 1841இலும் ஜூலியஸ் அண்ட் கிறீசி 1879இலும் தோன்றின. இவற்றை நிறுவியோரின் அறிவாற்றலையோ நேர்மையையோ நாம் ஐயுறவில்லை. உறுதியும் பதிவும் நில அளவைப் படமும் கேட்கும் ஒரு சட்டமுறை நாட்டில் புகுந்தவேளையில், கம்பனிக்கு அதனைக் கையாள ஆளிருந்தது, குடியானவனுக்கு இல்லை. இந்த இடைவெளியே நாம் ஈண்டு நோக்கவேண்டியது.

‘பெருஞ் சட்ட நிறுவனங்கள் இன்றேல் வெளிநாட்டு முதலீடு வராது, நாட்டின் கடனைக்கூடப் பேசித் தீர்க்கவியலாது’ என்பர் மறுதரப்பார். 2022இல் நாடு கடனிறுக்க இயலாது நின்றபோது, அரசு லண்டனைத் தலைமையகமாகக் கொண்ட கிளிபர்ட் சான்ஸ் நிறுவனத்தைச் சட்ட ஆலோசகராக அமர்த்தியது மெய்யே. கடன்முறிகளை வாங்கியிருந்த ஹமில்ரன் றிசேவ் வங்கி அவ்வாண்டு யூன் மாதம் நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தபோது அதனை எதிர்கொள்ளத் தேர்ந்த சட்டத்தரணிகள் தேவைப்பட்டதும் மெய்யே. ஆயின் இவ்வுதாரணம் மறுதரப்பாரின் வாதத்தையே முறியடிக்கின்றது. தன் உடைமைக்கு இடர் வந்தபோது திறமைமிக்க, நிலையான, ஒழுங்கமைந்த சட்டத்துணை இன்றியமையாதது என்பதை அரசே ஏற்றுக்கொண்டது. அரசுக்கு இன்றியமையாதது வன்னி உழவனுக்கு மட்டும் வேண்டாப்பொருள் ஆவது எங்ஙனம்?

வன்னியின் காணிச்சிக்கல் எளியதொன்றன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றுக் குடியேறியோர் ஒருசாரார். 1977 வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து காடுவெட்டிக் களனியாக்கி, எந்தப் பத்திரமும் இன்றி வாழ்வோர் இன்னொருசாரார். பாட்டன் முப்பாட்டன் காலத்து உறுதி வைத்திருந்து, இடம்பெயர்வுகளில் அதனைத் தொலைத்தோர் பிறிதொருசாரார். அனுமதிப்பத்திரக்காரர் வாரிசைக் குறிக்காது இறப்பின், 2022இல் திருத்தப்படும்வரை, அக்கட்டளைச்சட்டம் பெண்மக்களைப் பின்தள்ளி ஆண்மக்களையே முன்னிறுத்தியது. போர் ஆண்களைப் பலிகொண்ட மண்ணில் இவ்விதி விளைத்த இன்னல் சொல்லுந்தரமன்று. ஒரே ஊரில், ஒரே வாய்க்காலின் கீழ், இத்தனை வகை உரிமைகள் பின்னிக்கிடக்கின்றன. வெளிநாட்டுக் கடன்முறியின் வாசகங்களை விளங்கிக்கொள்ளத் தேவையான நுண்மதிக்கு இதனை அவிழ்க்கத் தேவையான நுண்மதி எவ்வாற்றானும் குறைந்ததன்று.

சட்டம் இரங்கிய வேளையிலும் பயன் கிட்டாதுபோனமைக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். 1871ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டப்படி, பிறர் காணியைத் தனதெனக் கொண்டு பத்தாண்டு தடையின்றி ஆள்பவர் அதற்கு உரித்தாளர் ஆகலாம். போரினால் ஊர்திரும்ப இயலாதோரின் காணிகள் இவ்வாறு கைமாறும் அநீதியைத் தவிர்க்க, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆயுதக்குழுக்களின் செயல்களால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை வழக்காட இயலாதிருந்தோருக்கு அது தனிச்சலுகை அளித்தது. ஆயினும் வழக்கிட அது வகுத்த காலம் இரண்டே ஆண்டு. பதிவகத்தில் பிரதியெடுத்து, அளவையாளரைக் கொண்டு படம் வரைந்து, வழிவழி உரித்தை நிறுவி, சட்டத்தரணியை அமர்த்துதல் ஆகிய யாவும் அந்த இரண்டு ஆண்டினுள் முடியவேண்டும். பெருநிறுவனமொன்றின் கட்சிக்காரருக்காயின் சட்டம் வெளிவந்த மறுநாளே கோவை திறக்கப்பட்டிருக்கும். மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பித் தகரக்கொட்டிலில் வாழ்ந்தவருக்கு அச்சட்டம் பிறந்ததை யார் அறிவித்தார்?

2025 மார்ச் 28இல் வெளிவந்த வர்த்தமானி இதனினும் கொடிய பாடத்தைக் கற்பித்தது. காணி நிர்ணயக் கட்டளைச்சட்டத்தின்கீழ் வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் நிலம் குறிக்கப்பட்டது. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதில் அடங்கின. உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் கோரவேண்டும். தவறின் அது அரச காணியாகும். உரித்தாளர் பலர் கடல்கடந்து வாழ்கின்றனர்; பலர் உறுதி இழந்தோர்; பலர் வர்த்தமானி என்பதைக் கண்ணாலும் காணாதோர். தவணை முடியும் தறுவாயில், யூன் இறுதியில், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தமையால் அவ்விடர் தடுக்கப்பட்டது. மனுத்தாக்கல் செய்து வாதாடியோர் நம் நன்றிக்குரியர். எனினும் ஒரு மக்கட் கூட்டத்தின் நிலவுரிமை, தனிமனிதர் சிலரின் விழிப்பினை மட்டும் நம்பி, கடைசி நாட்களின் தயவில் தொங்கிக்கிடப்பது எத்துணை அவலம்!

ஆகவே பெருஞ் சட்ட நிறுவனங்களைத் தூற்றிவிட்டு அமைதல் நம் வேலையாகாது. அவற்றின் வலிமைக்குக் காரணம் எது எனக் கண்டறிதல் வேண்டும். பலருடைய சிறப்பறிவை ஓரிடத்தில் சேர்த்தல், ஆவணங்களைத் தலைமுறை தாண்டிப் பேணுதல், இடர் வருமுன்னரே கட்சிக்காரரை எச்சரித்தல், ஒருவர் விலகினும் வழக்கு நில்லாதிருத்தல் ஆகிய நான்குமே அவ்வலிமை. இவற்றுள் எதுவும் பணமுடையோருக்கு மட்டுமே உரியதென இயற்கை விதித்ததில்லை. 1978இன் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு ஏழைகளின் வழக்குகளை ஏற்கின்றது. ஆயினும் வாசலுக்கு வந்த வழக்கை நடத்துதல் வேறு, ஒரு பிரதேசத்தின் காணியுரிமை முழுவதையும் தன் கட்சிக்காரராகக் கொள்ளுதல் வேறு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை உண்டு. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனித்து இயங்குகின்றது. நில அளவை, புவியியல், வரலாறு, சட்டம் பயின்றோர் நம்மிடையே உளர். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இவர்கள் கூடியமைக்கும் ஒரு நிலையான காணிச் சட்டப் பணிமனை, ஊர் ஊராக உரித்துப் பதிவுகளைத் திரட்டட்டும். வர்த்தமானியை வாராவாரம் வாசித்துத் தமிழில் எடுத்துரைக்கட்டும். வடக்கு, கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என அரசியலமைப்பு கூறுகின்றது. அம்மொழியில் உழவனுக்குத் துணைநிற்கும் அமைப்பொன்றை நாமன்றி யார் ஆக்குவது? கொழும்புக்குச் செல்வோர் செல்க. ஆயின் அங்கே செல்வதே சட்டக் கல்வியின் முடிந்த முடிபு என்று போதிப்போர், அடுத்த வர்த்தமானி வெளிவரும் நாளில் வன்னி மக்களுக்கு விடைகூறக் கடமைப்பட்டோர் ஆவர்.