கொல்லிக் குடவரையும் நிழற்படக் கருவியும்

நம் கல்லூரி மாணவர் கொல்லிமலைக்குச் சென்று மீள்வது ஆண்டுதோறும் நிகழும் வழக்கமாகிவிட்டது. மீண்ட மறுநாளே விடுதித் தாழ்வாரத்தில் கைப்பேசிகள் கைமாறத் தொடங்கும். ஒவ்வொன்றிலும் நூறு படங்களுக்குக் குறைவிரா. அவற்றையெல்லாம் யான் பொறுமையோடு பார்த்திருக்கிறேன். காரவள்ளியினின்று ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் அவற்றில் உண்டு. சீக்குப்பாறை முனை உண்டு. ஆகாய கங்கை உண்டு. எல்லாவற்றிற்கும் முன்னே நண்பர் முகம் உண்டு. சேந்தமங்கலத்துச் சாலையில் வருவோன் கண்முன் சுவர்போல் எழுந்து நிற்குமே, அந்தக் கற்சரிவு மட்டும் ஒன்றிலும் இல்லை. இக்குறை குறித்தே ஈண்டுச் சில கூறக் கருதுகின்றேன். யான் இக்கலையில் வல்லுநன் அல்லேன். சில ஆண்டுகள் காமிராவோடு பழகிப் பல பிழைகள் செய்தவன் என்னும் உரிமை ஒன்றே எனக்குண்டு.

முதற்பிழை நாம் நிற்கும் இடத்தைப் பற்றியது. மலையேறிப் பாறையின் விளிம்பில் நின்றுகொண்டு அப்பாறையைப் படமெடுக்க முயல்கிறோம். யானைமேல் இருப்பவன் அந்த யானையை எவ்வாறு படமெடுப்பான்? விளிம்பினின்று கீழே நோக்கும் காமிராவுக்கு ஆழம் புலப்படுவதில்லை. வயலும் தோப்பும் ஏரியும் விரித்த கம்பளம்போல் தட்டையாகத் தோன்றுகின்றன. நேரில் நின்றபோது நம் முழங்கால் நடுங்கியது. படத்திலோ நடுங்குதற்கு ஒன்றுமில்லை. இவ்வேமாற்றத்தை ஈடுசெய்யவே இளைஞர் ஒருவர் அவ்விளிம்பிற் சென்று காலைத் தொங்கவிட்டு அமர்கிறார். அவர் உடலே அளவுகோலாகிறது; அவருக்கு நேரக்கூடிய இடரே அப்படத்தின் சுவையாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிழற்படக் கண்காட்சியில் இத்தகைய படமொன்று முதற்பரிசு பெற்றது. அது நன்றாகவே எடுக்கப்பட்டிருந்தது என்பதை மறுக்கமாட்டேன். யானும் கைதட்டினேன். ஆனால் அடுத்த திங்களில் நாங்கள் மலைக்குச் சென்றபோது, முதலாண்டு மாணவர் மூவர் அப்படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, அதே பாறையைத் தேடி அலைந்ததைக் கண்டேன். தேடிக் கண்டும் பிடித்தனர். முன்னிரவு மழை பெய்திருந்தது. பாறையிற் பாசி படர்ந்திருந்தது. ஒருவர் பின்னோக்கி இரண்டடி வைத்தார்; செருப்பு வழுக்கியது; பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பற்றி இழுத்தமையாற் பிழைத்தார். சட்டை கிழிந்தது, மூவரும் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று கண்காட்சியில் கைதட்டிய என் கையும் அவரை அவ்விளிம்புக்குத் தள்ளியதென்றே தோன்றியது. ஆதலின், விளிம்பில் அமர்ந்தோர் படத்திற்குப் பரிசு கொடுப்பதை நம் கல்லூரிக் கண்காட்சியேனும் விட்டொழிக்க வேண்டும் என்பது என் கருத்து. படம் எத்துணை அழகியதாயினும் சரியே.

கொல்லியின் பாவையைப் பற்றி அறியாதார் நம்முள் இலர். அப்பாவை நகைத்து மயக்கி உயிர் கொள்ளும் என்பது வழிவழி வரும் கதை. அக்கதையை ஈண்டுப் பொருத்திப் பேசுவது எளிது. ஆயின் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. குறுந்தொகையின் 89-ஆம் பாடலிற் பரணர், அப்பாவையைத் தெய்வம் எழுதிய இடம் கொல்லியின் குடவரை, அஃதாவது மேற்கு மலைப்பக்கம், என்று குறித்துள்ளார். புலவர் மலைமேல் ஏறி நின்று கூறினாரோ, கீழே சமவெளியில் நடந்தவாறு கூறினாரோ, யாரறிவார்? எனினும் மேற்குப் பக்கம் என்று திசை சுட்டியது எனக்குப் பெருவியப்பைத் தந்தது. ஏனெனில், காமிராவோடு பலமுறை அலைந்த பின்னரே யான் அத்திசையின் அருமையை உணர்ந்தேன்.

காரவள்ளிப் பக்கத்துச் சரிவு மேற்கும் தென்மேற்கும் நோக்கியது. காலையில் அது முற்றும் நிழலில் மூழ்கிக் கிடக்கும். பின்னே வானம் வெளுத்திருக்கும். நம் மாணவரோ அதிகாலையிற் புறப்பட்டு அடிவாரம் சேர்ந்தவுடன் ஒரு படமெடுத்து, மலை கரும்பூச்சாக விழுந்ததெனக் குறைகூறி, மேலே ஏறிவிடுகின்றனர். அப்பாறை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் இனத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. (கல்கத்தாவில் அடக்கமான ஜாப் சார்னாக் என்னும் வெள்ளையரின் கல்லறைக் கல்லைக் கண்டு, ஹாலந்து என்னும் நிலநூலார் அப்பெயரை இட்டார். அக்கல் சென்னையை அடுத்த பல்லாவரப் பக்கத்தினின்று சென்றதென்பர். நம் நாட்டுக் கல்லுக்குப் பெயர் வந்த வழி இவ்வாறு!) கருநீலச் சாயலுடைய அக்கல் ஒளியை விழுங்கும் இயல்பிற்று. நண்பகலில் எடுத்தாலோ வெயில் உச்சியினின்று விழுந்து பிளவும் மடிப்பும் மறைந்துபோகும். பிற்பகல் நான்கு மணிக்குமேற் கதிரவன் சாயும்போது ஒளி பாறையைப் பக்கவாட்டில் தடவிச் செல்லும். அப்போதுதான் ஒவ்வொரு விரிசலும் தனித்தனி நிழல் வீழ்த்தும். சுவர் எனக் கண்டது திண்மையும் பள்ளமும் உடைய உடலாக மாறும். கிழக்கே புளியஞ்சோலைப் பக்கத்திற்கு இம்முறை தலைகீழாகும்; அங்கே காலையே ஏற்றது.

இனி, தொலைவு. அடிவாரத்தில் ஒட்டி நின்று கைப்பேசியை அண்ணாந்து பிடித்தால், அதன் அகன்ற பார்வையுள்ள ஆடி மலையைப் பின்னுக்குத் தள்ளிச் சிறிதாக்கும். மரங்களும் கம்பங்களும் உள்நோக்கிச் சாயும். இரண்டு மூன்று கல் தொலைவு பின்வாங்கி, நெடுநோக்கு ஆடியால் எடுத்தால், முன்னுள்ள தென்னந்தோப்பு தன் அளவில் நிற்க, அதன் பின்னே மலை உள்ளவாறு ஓங்கும். அளவுகோலுக்கு ஆள் வேண்டுமெனில் விளிம்பிற்கு எவரையும் அனுப்ப வேண்டுவதில்லை. கொண்டை ஊசி வளைவில் ஒரு பேருந்து திரும்பும் வரை காத்திருந்தாற் போதும். சிவப்புப் புள்ளியாய்ப் பேருந்தும் அதன்மேல் கல்லின் பேருருவும் ஒருங்கே அமையும். காத்திருத்தற்குரிய பொறுமைதான் நம்மிடம் குறைவு.

முன்னோர் இப்பொறுமையைப் பெரும்பாடு பட்டுக் கைக்கொண்டனர். லினேயஸ் டிரைப் என்னும் காப்டன் 1856-ல் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக நியமிக்கப்பெற்று, மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களையும், அக்காலச் சேலம் ஜில்லாவில் இராயக்கோட்டை முதலிய இடங்களையும் பெரிய மெழுகுக் காகிதங்களில் படமெடுத்தார். அக்காகிதம் நீல ஒளிக்கே மிகவும் இசைவதாகையால் வானம் வெற்று வெண்மையாய்ப் பதியும். அதைப் பொறாது அவர் தம் கையாலேயே மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். அமெரிக்காவில் ஆன்செல் ஆடம்ஸ் 1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் அரைக்குவிமாடம் என்னும் பெரும்பாறையை எடுத்தபோது, முதலில் மஞ்சட் கண்ணாடி வைத்தெடுத்து, அது போதாதென உணர்ந்து, எஞ்சிய ஒரே தகட்டிற்குச் சிவப்புக் கண்ணாடி பொருத்தினார். வானம் கறுத்துப் பாறை மேலோங்கியது. இவையெல்லாம் உண்மைக்கு மாறல்லவோ என வினவலாம். வானத்தைக் கறுப்பிப்பது எனக்கு உடன்பாடே. நாம் உணர்ந்ததை அது காட்டுகிறது. ஆனால் இக்காலச் செயலிகளால் பாறையையே நெட்டையாக இழுத்துவிடுவது பொய். அவ்வாறு இழுக்கப்பட்ட கொல்லிமலையை யான் கண்டுள்ளேன். 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம் போதாதென்று எண்ணினார் போலும்!

சென்ற மாசித் திங்களில் ஒருநாள், காரவள்ளிக்கு இப்பால் ஒரு வரப்பில் முக்காலியை நட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். ஐந்தரை மணிக்கு ஒளி வந்தது. எடுத்துக்கொண்டிருக்கையில், மலையினின்று இறங்கிவந்த முதியவர் ஒருவர் அருகே நின்று, “என்ன தம்பி, வெறுங் கல்லையா பிடிக்கிறீர்கள்?” என்று கேட்டார். திரையைக் காட்டினேன். சற்று நேரம் உற்று நோக்கியவர், நகம் நீண்ட விரலால் ஒரு மெல்லிய கோட்டைத் தொட்டார். பாறைப் பிளவென யான் எண்ணியிருந்த கோடு அது. “இது வழி, தம்பி. நான் சிறுவனாயிருந்தபோது என் தந்தை தலையில் பலாப்பழம் வைத்துக்கொண்டு இதில்தான் சந்தைக்கு இறங்குவார். நான் பின்னே நடப்பேன்,” என்றார். “இப்போது யாரும் போவதில்லையா, ஐயா?” என்றேன். “பேருந்து இருக்கிறதே,” என்று கூறிவிட்டு, படத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்டும்படி கேட்டார்.