போக்கரில் சிப் கணக்கு தப்பினால் யாருக்கு நஷ்டம்? ஆளே இல்லாத இருக்கைக்கும் கார்டு போடுவது ஏன்?

8,773 பேர். ஆளுக்கு 10,000 சிப். பெருக்கிப் பார்த்தால் 8 கோடியே 77 லட்சத்து 30 ஆயிரம். 2006-ல் லாஸ் வேகாஸில் நடந்த உலக போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் இருக்க வேண்டிய மொத்த சிப் இவ்வளவுதான். ஆனா கடைசிக் கட்டத்தில் 20 லட்சத்துக்கும் மேல் கூடுதலாக இருந்தது! முதல் பரிசே 1.2 கோடி டாலர் என்பதால் சர்ச்சை வெடித்தது. ஆனாலும் ஜேமி கோல்டின் வெற்றி மாறவில்லை.

எப்படி கூடும்?

ஆட்டம் போகப் போக கட்டாயப் பந்தயமான 'பிளைண்ட்' ஏறும். அப்போது சின்ன மதிப்பு சிப்களை வாங்கிக்கொண்டு பெரிய சிப் கொடுப்பார்கள். நூற்றுக்கணக்கான மேசைகளில் இது நடக்கும்போது, ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலே மொத்தக் கணக்கு எகிறிவிடும்.

நஷ்டம் யாருக்கு?

டோர்னமென்ட் சிப் பணம் இல்லை. மொத்தத்தில் ஒருவரின் பங்கு. சிப் கூடினாலும் பரிசுத்தொகை கூடாது. ஒருவர் கையில் தவறாக சிப் சேர்ந்தால், மற்ற எல்லோருடைய பங்கும் சுருங்கும்.

டீலர் தப்பா எண்ணிச் சொன்னா?

எதிராளி 'ஆல்-இன்' போகிறார். 65,000 என்கிறார் டீலர். நீங்கள் 'கால்' சொன்ன பிறகு எண்ணினால் 85,000! போட்டி இயக்குநர்கள் சங்கமான டிடிஏ-வின் விதிப்படி, பொதுவாக 85,000-மும் கட்ட வேண்டும். எதிரில் இருப்பதைக் கவனிப்பது ஆடுபவர் பொறுப்பு. விதிவிலக்கு தருவது இயக்குநர் முடிவு.

ஆளே வரலைன்னா?

பொதுவாக அவர் சிப்பை எடுத்துவிட மாட்டார்கள். அதுவும் மொத்தக் கணக்கில் சேர்ந்ததுதானே! அவர் இருக்கைக்கும் கார்டு விழும். உடனே அந்தக் கை செல்லாததாகிவிடும். பிளைண்ட் மட்டும் தவறாமல் கழியும். பிளைண்ட் 100, 200 என்றால் சுற்றுக்கு 300 சிப் போகும். அது அந்த மேசையில் இருப்பவர்களுக்கு லாபம். அவர் சிப் தீரும் முன் மற்றவர்கள் வெளியேறிவிட்டால், வராதவருக்கே பரிசுகூட கிடைக்கலாம்.

பாத்ரூம் போனவருக்கும் இதே கதைதான். முதல் கார்டுகளைப் போட்டு முடிப்பதற்குள் இருக்கையில் இல்லையென்றால், அந்தக் கை அவருக்கு இல்லை.

அதனால்தான் பல நாள் போட்டிகளில், அன்றைய ஆட்டம் முடிந்ததும் சிப்பை எண்ணி, தொகையை எழுதிக் கையெழுத்து போட்டு, பையில் சீல் வைக்கிறார்கள். மறுநாள் ஆள் தாமதமாக வந்தாலும் கணக்கு அங்கே காத்திருக்கும்.