செல்லாத நிபந்தனையின் செல்வாக்கு

அண்மையில் என்னைச் சந்திக்க வந்த இளம்பெண் ஒருவரின் கையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று, பெங்களூரு நிறுவனம் அளித்த பணி நியமனக் கடிதம். மற்றொன்று, கோவையில் அவர் நான்காண்டுகள் பணியாற்றிய மென்பொருள் நிறுவனம் அனுப்பிய வழக்குரைஞர் நோட்டீஸ். பணியிலிருந்து விலகிய பின் இரண்டாண்டுகளுக்கு அதே துறையில் வேறெங்கும் சேர மாட்டேன் என்று அவர் கையொப்பமிட்டிருந்தாராம்; மீறினால் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமாம்.

"இந்த நிபந்தனை செல்லாதம்மா" என்றேன். "அது எனக்கும் தெரியும் சார். ஆனால், விடுவிப்புக் கடிதம் தர மறுக்கிறார்களே" என்றார்.

வழக்குரைஞராக எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

சட்டத்தில் குழப்பம் ஏதுமில்லை. சட்டபூர்வமான தொழில் எதையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் உடன்படிக்கை அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆவது பிரிவு. ஒரு வணிகத்தை அதன் நற்பெயரோடு விற்பவருக்கு மட்டுமே விதிவிலக்கு. கட்டுப்பாடு நியாயமான அளவில் இருந்தால் செல்லும் என்கிற இங்கிலாந்து நீதிமன்றங்களின் அளவுகோலுக்கு இங்கே இடமில்லை. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் மீது விளம்பர மேலாண்மை நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நீளும் கட்டுப்பாடு செல்லாது என 2006-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பணியில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு வேறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுகளுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை உச்சநீதிமன்றம் ஏற்றது. அதைக் காட்டி எல்லா நிபந்தனைகளும் செல்லும் என்று மனிதவள அதிகாரிகள் சிலர் பேசுவதைக் கேட்கிறேன். ஒரு பொதுத்துறை வங்கி ஆள்தேர்வுக்கு மீண்டும் செய்ய நேரும் செலவைக் கருதி வழங்கப்பட்ட தீர்ப்பு அது. அந்த அதிகாரி வேறொரு வங்கியில் சேருவதை அது தடுக்கவில்லை.

பிறகு ஏன் செல்லாத நிபந்தனை ஒப்பந்தந்தோறும் இடம்பெறுகிறது? நீதிமன்றத்துக்கு வெளியே அது நன்றாகவே செல்லுபடியாகிறது என்பதால்தான். புதிய நிறுவனம் கேட்கும் முதல் ஆவணம் விடுவிப்புக் கடிதம். அதை நிறுத்திவைத்தாலே போதும், வழக்கே தேவையில்லை. வழக்குத் தொடுத்தாலும் தோற்கப்போகும் நிறுவனத்துக்கு அது ஒரு செலவுக் கணக்கு. ஊழியருக்கோ சில ஆண்டு வாழ்க்கை. குறிப்பிட்ட போட்டி நிறுவனங்களில் ஆறு மாதங்களுக்கு அதே வாடிக்கையாளர்களுக்காகப் பணியாற்றக் கூடாது என்ற இன்ஃபோசிஸின் நிபந்தனை குறித்து 2022-இல் மத்திய தொழிலாளர் அமைச்சகம் வரை புகார் சென்றது நினைவிருக்கலாம்.

நிறுவனங்களின் அச்சம் முழுவதும் பொய்யன்று. வாடிக்கையாளர் பட்டியலும் மூலநிரலும் கைமாறினால் நஷ்டம் உண்மையானது. ஆனால், ரகசியத்தைத் திருடியவர் மீது வழக்குத் தொடுக்க ரகசியக் காப்பு நிபந்தனையே போதும். ஒருவர் கற்ற தொழில் நிறுவனத்தின் ரகசியமாகிவிடாது.

வியப்பான ஒற்றுமை ஒன்று உண்டு. நமது 27-ஆவது பிரிவும் கலிஃபோர்னியாவின் இதே போன்ற தடையும் 1872-இல் பிறந்தவை. இரண்டுமே டேவிட் டட்லி ஃபீல்டு நியூயார்க்குக்காக எழுதிய வரைவிலிருந்து வந்தவை. ஆனால், கலிஃபோர்னியா அங்கேயே நின்றுவிடவில்லை. 2024 முதல், இத்தகைய நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்ப்பதே அங்கு சட்டவிரோதம். ஏற்கெனவே சேர்த்திருந்த நிறுவனங்கள், அது செல்லாது என்று ஊழியர்களுக்கும் 2022-க்குப் பிறகு விலகியவர்களுக்கும் அந்த ஆண்டு பிப்ரவரி 14-க்குள் எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டியிருந்தது.

நமக்கும் தேவைப்படுவது இதுதான். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகும் ஊழியருக்கு இரண்டு வேலைநாள்களுக்குள் ஊதியப் பாக்கியைத் தீர்க்கச் சொல்கிறது. அதே கெடுவுக்குள் விடுவிப்புக் கடிதமும் தரப்பட வேண்டும், செல்லாத நிபந்தனையைக் காட்டி மிரட்டுவோருக்கு அபராதம் விதிக்கப்பட வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவருவதில் என்ன தடை?

அந்தப் பெண்ணுக்குப் பதில் நோட்டீஸ் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெங்களூரு நிறுவனம் அளித்த அவகாசம் இம்மாத இறுதியில் முடிகிறது.