ஒரு நிமிஷம் பொறுங்கள்!

சகோதரிகளே, கார் என்றாலே அது ஆண்கள் சமாசாரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். ஸ்வீடனில், கோதன்பர்க்கில் குடித்தனம் நடத்தும் எனக்கு அது சரிப்பட்டு வராது. எங்களுடையது 1995-ஆம் வருஷத்து வோல்வோ 850 ஸ்டேஷன் வேகன், டர்போ எஞ்சின், செகண்ட் ஹாண்ட். மூன்று குழந்தைகளும் மளிகை மூட்டையும் தாராளமாக அடங்கும்.

டர்போ என்றால் என்ன? எஞ்சின் கக்கும் புகையின் வேகத்திலேயே சுழலும் ஒரு குட்டிச் சக்கரம். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. நிமிஷத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேலும் போகும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான்! நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டுச் சட்டென்று அணைத்தால், சூட்டில் ஆயில் தீய்ந்து, அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி கரி படியலாம். அப்புறம் வைத்தியச் செலவு கொஞ்சநஞ்சமில்லை.

எனவே, வேகமாக ஓடி வந்தால் ஒரு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். ஆயிலைக் காலாகாலத்தில் மாற்றி, பால் கணக்குப் போலத் தேதியோடு எழுதி வையுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போதும் பளபளப்பில் மயங்காதீர்கள். அந்தக் கணக்கைக் கேளுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். ஓடும்போது அது அறுந்தால் எஞ்சினே போச்சு! பனிக்காலத்தில் குழந்தைகளோடு நடுரோட்டில் நிற்க முடியுமா? நீலப் புகை வந்தால், ஆயில் எரிகிறது என்று அர்த்தம். கும்பிடு போட்டு நகருங்கள்.

"விற்றுவிடலாமா?" என்று இவர் கேட்கும்போதெல்லாம் என் நோட்டை நீட்டுகிறேன். புது வண்டிக் கடனின் வட்டியையும் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அப்புறம் பேச்சே கிடையாது!